கல்லூரி: ஒருவர் கடமையா, ஊரின் கடமையா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் மதரஸாவின் திண்ணைக்குத் தகப்பன்மார் சிலர் வந்து அமர்வது வழக்கம். அவர்கள் கொண்டுவரும் வினா ஒன்றே. "ஹஜரத், பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேறு வழி பார்ப்பதா?" வினா ஒன்றாயினும் கேட்பவர் நிலைமை வேறு வேறு. ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். தமக்குப் பின் கல்லாவில் அமர ஆள் வேண்டும் என்பார். ஒருவர் சபுராளி, மகனுக்கும் விசா வந்துவிட்டது என்பார். ஒருவருடைய மகன் தச்சு வேலையில் கைதேர்ந்தவன். ஆயினும் ஊரார் ஏளனத்துக்கு அஞ்சி, கடன் வாங்கியாவது அவனுக்கு ஏதேனும் ஒரு பட்டம் வாங்கித் தந்துவிட வேண்டும் என்பார். இன்னொருவர் எல்லாரும் எழுந்து போன பிறகு, தம் மகள் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறியிருப்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

இவர்களுக்குக் கூறுவதற்கு நம் சமுதாயத்தில் இரு சாரார் இருவகை விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். கல்லூரி சென்றாலன்றி மனிதனுக்கு மதிப்பில்லை, ஆதலின் எல்லாரும் சென்றே தீரவேண்டும் என்பர் ஒரு சாரார். நம் முன்னோர் எந்தக் கல்லூரியில் படித்து வாணிகம் செய்தனர், பள்ளிவாசல்களை எழுப்பினர் என்று கேட்பர் மறு சாரார். இரண்டையும் நாம் நெடுநாள் கேட்டிருக்கிறோம். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மறுபாதியை அறிய வரலாற்றையே நாட வேண்டியுள்ளது.

அனாதைச் சிறுவனும் பாக்தாத் பேராசிரியரும்

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் நாட்டின் தூஸ் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தையார் கம்பளி நூல் நூற்றுப் பிழைத்தவர் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் எழுத்தறியாதவர், தமக்குக் கிட்டாத கல்வி தம் இரு மைந்தருக்கும் கிட்டவேண்டுமென்று ஏங்கியவர். மரணம் நெருங்கியபோது, தம்மிடமிருந்த சிறு பொருளை நண்பரொருவரிடம் ஒப்படைத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறு கேட்டுக்கொண்டார். சில காலத்தில் அப்பொருள் தீர்ந்துவிட்டது. அந்நண்பரும் ஏழையே. மாணவர்க்கு உணவும் தங்குமிடமும் அளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு அவர் அச்சிறுவர்களுக்கு அறிவுரை கூறினார். அவ்வாறே சேர்ந்தனர். அவருள் மூத்தவரே பிற்காலத்தில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

அமைச்சர் நிஜாமுல் முல்க் பாக்தாதில் எழுப்பிய நிஜாமிய்யா மதரஸா கி.பி. 1067இல் திறக்கப்பட்டது. அக்காலத்துக் கல்விக்கூடங்களில் அதனினும் புகழ் வாய்ந்தது வேறில்லை எனலாம். வக்ஃபு சொத்துகளின் வருவாயால் நடந்த அக்கூடத்தில் மாணவர்க்கு உதவித்தொகையும் உறையுளும் கிடைத்தன. கி.பி. 1091இல் அதன் பேராசிரியர் பீடத்தில் இமாம் கஸ்ஸாலி அமர்த்தப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்க்குத் தாம் பாடம் நடத்தியதை அவர்களே தம் நூலொன்றில் குறிப்பிடுகின்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1095இல், அப்பீடத்தைத் துறந்து வெளியேறிவிட்டார்கள். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்னும் ஐயம் அவர்களின் உறக்கத்தையும் உணவையும் பறித்துவிட்டது. இன்றைய மொழியில் கூறுவதாயின், உலகின் தலைசிறந்த கல்லூரியின் தலைமை ஆசிரியர் பதவியை உதறியவர் அவர்.

கல்லூரியால் ஏழைச் சிறுவன் இமாமாக உயர்ந்ததையும், கல்லூரியின் பெருமை ஒன்றே மனிதனுக்குப் போதாது என்பதையும் தம் வாழ்விலேயே கண்ட அப்பெருந்தகை, யார் எதைக் கற்கவேண்டும் என்னும் வினாவுக்கு என்ன விடை தந்தார்கள் என்பதே நமக்கு வேண்டுவது.

இருவகைக் கடமை

கல்வியைத் தேடுதல் ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்னும் கருத்துடைய நபிமொழி நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்தது. அக்கல்வி எது என்பதில் இருபதுக்கும் மேற்பட்ட கூட்டத்தார் மாறுபட்டனர் என்று இஹ்யா உலூமித்தீன் நூலின் முதற் பகுதியில் இமாமவர்கள் எழுதுகின்றார்கள். ஒவ்வொரு துறையினரும் தம் துறையே அக்கல்வி என்று வாதிட்டனராம். இன்றும் இவ்வாறுதானே வாதிடுகின்றோம்!

இமாமவர்கள் கடமையை இரண்டாக வகுத்தார்கள். ஒன்று, பர்ளு ஐன். ஒவ்வொரு தனி மனிதனும் தானே நிறைவேற்ற வேண்டியது. மற்றொன்று, பர்ளு கிபாயா. ஊராரில் போதிய அளவினர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதிருந்து நீங்குவது, ஒருவருமே நிறைவேற்றாவிடின் ஊரார் அனைவரையும் குற்றவாளிகளாக்குவது. ஜனாஸாத் தொழுகை இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு.

முதல் வகைக்கு இமாமவர்கள் தரும் விளக்கம் மிக எளியது. ஒருவன் முற்பகலில் பருவ வயதை அடைகின்றான் எனக் கொள்வோம். அந்நேரத்தில் அவன்மீது கடமையாவது கலிமாவையும் அதன் பொருளையும் அறிவதே. லுஹர் நேரம் நெருங்கும்போது தொழுகையைக் கற்பது கடமையாகும். பொருள் சேர்ந்து ஓராண்டு நிறையும்போது ஜகாத்தைக் கற்பது கடமையாகும். வணிகனாயின், வட்டி எது, வாணிகம் எது எனப் பிரித்தறியக் கற்பதும் கடமையே. வாழ்க்கை எதைக் கேட்கின்றதோ அதை அறிந்து நடப்பதே தனி மனிதன் கடமை. இதில் விலக்குப் பெற்றவர் எவருமில்லை.

இரண்டாம் வகையில் இமாமவர்கள் எவற்றைச் சேர்த்தார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். உடலைக் காக்க மருத்துவம் வேண்டும். கொடுக்கல் வாங்கலுக்கும் பாகப் பிரிவினைக்கும் கணிதம் வேண்டும். இவை பர்ளு கிபாயா. அத்தோடு நிறுத்தினார்களில்லை. உழவும், நெசவும், தையலும், நோயாளிக்கு இரத்தங்குத்தி எடுக்கும் தொழிலுங்கூட அவ்வாறே என்றார்கள். ஓர் ஊரில் அத்தகைய தொழிலாளி ஒருவனும் இல்லையெனில் அவ்வூர் அழிவை நோக்கிச் செல்லும் என்றும் எச்சரித்தார்கள். அவர்களின் தராசில் மருத்துவரும் நெசவாளியும் ஒரே கடமையின் இரு கைகள். நூல் நூற்றவரின் மைந்தர் அல்லவா!

இதன்பின் அவர்கள் கூறும் குறைபாடு நம் காலத்தை நோக்கிச் சொன்னது போலவே இருக்கின்றது. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவருமில்லை. பிற சமயத்தாரே வைத்தியம் பார்க்கின்றனர். ஆயினும் அக்கல்வியை நாடுவாரில்லை. எல்லாரும் சட்டக் கல்வியாகிய பிக்ஹிலேயே முண்டியடிக்கின்றனர் என்று வருந்துகின்றார்கள். அதன் காரணத்தையும் மறைத்தார்களில்லை. பிக்ஹு படித்தால் காஜி பதவி கிடைக்கும். வக்ஃபு சொத்தையும் அனாதைகளின் பொருளையும் நிர்வகிக்கும் பொறுப்புக் கிடைக்கும். அரசாங்கச் செல்வாக்குக் கிடைக்கும். மருத்துவத்தில் இவை கிட்டா. இன்று எல்லாரும் ஒரே வகைப் பட்டத்துக்கு முண்டியடிப்பதைப் பார்க்கும்போது, பாடத்தின் பெயர் மாறியிருக்கின்றதேயன்றிப் பழக்கம் மாறவில்லை என்றே தோன்றுகின்றது.

கொத்தனார் தந்த கல்லூரி

இமாமவர்கள் எழுதிய இக்கருத்து தமிழ் பேசும் முஸ்லிம்களின் வாழ்வில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதைக் காண முதலில் இலங்கைக்குச் செல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முஸ்லிம்கள் ஆங்கிலப் பள்ளிகளை விட்டு விலகியே நின்றனர். அப்பள்ளிகளிற் பல கிறிஸ்தவ மிஷன்களால் நடத்தப்பட்டன. பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்னும் அச்சம் பெற்றோருக்கு இருந்தது. அவ்வச்சத்தை மூடத்தனம் என்று நாம் இகழ மாட்டோம். ஆயினும் அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அரசாங்க அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தமக்காகப் பேசத் தம்மவரில் ஆளில்லாத நிலைமை உண்டாயிற்று.

இந்நிலை கண்டு உள்ளம் நொந்தவர் கண்டியில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்திலெவ்வை. அவர் 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, கல்வியின் இன்றியமையாமையை இடைவிடாது எழுதினார். அசன்பே சரித்திரம் தந்தவர் என்று தமிழ் இலக்கிய உலகம் அவரை அறியும். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த அரபி பாஷாவும் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். சமயக் கல்வியையும் புதுக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் தருவது என்னும் எண்ணம் உருப்பெற்று, 1892இல் கொழும்பு மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தோன்றியது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

அதற்குத் தோள்கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். அவர் யார்? கட்டட வேலையில் தேர்ந்த ஒப்பந்தக்காரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகம் அவருடைய கைவண்ணமே. கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். கல்லும் சுண்ணாம்பும் அறிந்தவர். அவர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டுமென்று முன்னின்றார். "நான் படித்தா பெரியவனானேன்?" என்று அவர் கேட்டிருப்பாராயின் மறுத்துரைக்க எவராலும் இயன்றிராது. ஆனால் அவர் அவ்வாறு கேட்கவில்லை. தமக்குத் தேவைப்படாத ஒன்று தம் சமுதாயத்துக்குத் தேவை என்பதை அறிந்திருந்தார். பர்ளு கிபாயா என்பதன் பொருளை இதனினும் தெளிவாக விளக்கும் வாழ்க்கை வரலாறு நாம் அறிந்தவரையில் அரிது.

1921 முதல் 1948 வரை டி. பி. ஜாயா அதிபராயிருந்து அக்கல்லூரியை உயர்த்தினார். அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். உலகப் போர்க் காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணிக்காக அரசாங்கம் அவரைக் கிழக்கிலங்கையின் கல்முனைக்கு அனுப்பிற்று. நெல் விளைவிக்கும் முஸ்லிம் குடியானவரிடையே அவர் பணியாற்றினார். அறிவிருந்தும் பொருளின்றி மேற்படிப்பை இழக்கும் பிள்ளைகள் பலர் இருந்த காலம் அது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் நிறுவினார். 1948இல் உயர்ந்த அரசாங்கப் பதவியை விட்டு ஸாஹிராவின் அதிபரானார். உழவர் அனைவரும் ஏர்களை எறிந்துவிட்டுக் கல்லூரிக்கு வரவேண்டும் என்று அந்நிதி கோரவில்லை. தகுதியுடைய உழவர் மகன் பணமின்மையால் நின்றுவிடலாகாது என்பதே அதன் நோக்கம்.

கடல் மூடியபோது

இனி நம் கரைக்குத் திரும்புவோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் நம் பாட்டனார் காலத்துக் கல்வி எவ்வாறிருந்தது? மக்தபில் குர்ஆன் ஓதினர்; அரபுத் தமிழில் மார்க்கச் சட்டங்களைப் படித்தனர்; பெண்களும் அரபுத் தமிழ் ஏடுகளை வாசித்தனர். ஆண்பிள்ளை மீசை அரும்புமுன் கப்பலேறி, கொழும்பிலோ பினாங்கிலோ இரங்கூனிலோ உறவினர் கடையில் பெட்டியடியில் அமர்ந்து கணக்கும் பேச்சும் நாணயமும் கற்றான். அதனைக் கல்வியில்லாமை என்று கூறுதல் பிழை. அக்காலத்துக்கு ஏற்ற முழுமையான தொழிற்கல்வி அது.

ஆனால் அக்கல்வி ஒரே தூணின் மீது நின்றது, கடல் திறந்திருக்கவேண்டும். 1942இல் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. எண்ணற்றோர் கையிலிருந்ததை இழந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். எஞ்சியோர் கடைகளும் 1964இல் பர்மிய அரசாங்கத்தால் தேசவுடைமையாக்கப்பட்டன. இரு தலைமுறைகள் உழைத்துச் சேர்த்தது ஓர் அரசாணையில் போயிற்று. வெறுங்கையோடு திரும்பியவரிடம் வாணிபத் திறன் இருந்தது, முதலில்லை. அத்திறனுக்குச் சான்று கூறும் தாள் ஒன்றும் அவர்களிடம் இல்லை.

இந்த அடியின் வலியறிந்த காலத்திலேயே தமிழகத்தில் முஸ்லிம்களின் கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியிருந்தது. விடுதலைக்குப் பின் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் பிறந்தன. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1970இல் இளையான்குடியில் ஜாகிர் உசேன் கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என இவ்வரிசை நீளும். பெண்களுக்கென 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் கல்லூரி கண்டார். கீழக்கரையில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது.

இவற்றை எழுப்பியவர் யாவர்? பெரும்பாலோர் வணிகர். தோல் மண்டியும் பாத்திரக் கடையும் வைத்திருந்தவர். திருச்சிக் கல்லூரி ஜமால் முஹம்மது சாகிப், காஜாமியான் ராவுத்தர் என்னும் இரு வணிகப் பெருந்தகையரின் பெயரால் இன்றும் நினைக்கப்படுகின்றது. அதிராம்பட்டினத்துக் கல்லூரியை நிறுவியது ஒரு மதரஸாவின் அறக்கட்டளை. மதரஸாவும் கல்லூரியும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அண்ணனின் கடையும் அக்காளின் வளையலும்

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்து, 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்கு ஓயாது சொல்கின்றோம். படித்தால் இவர் போல் ஆகலாம் என்பதோடு நிறுத்தியும் விடுகின்றோம். அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ள மற்றொரு செய்தியை அத்துணை அழுத்திச் சொல்வதில்லை. திருச்சியில் பட்டம் பெற்றபின் சென்னையில் பொறியியற் கல்விக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தகப்பனாரிடம் இல்லை. அவருடைய அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார்.

அக்குடும்பத்தில் எல்லாரும் கல்லூரிக்குச் சென்றாரில்லை. தகப்பனார் படகு வைத்திருந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்தினார். ஓர் அண்ணன் கடை நடத்தினார். ஒருவரை மேலே அனுப்ப மற்றவர் தோள் தந்தனர். ஒரு வீடு பர்ளு கிபாயாவை நிறைவேற்றிய விதம் இது. நாடு போற்றுவது ஒருவரை. அல்லாஹ்வின் ஏட்டில் அத்தனை பேருக்கும் பங்கிருக்கும் என்பதே நம் நம்பிக்கை.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு கேள்வி நம் நெஞ்சை உறுத்தாமற் போவதில்லை. தம்பிமார் படிக்க அக்காள்மார் வளையல் கழற்றிய வீடுகள் நம்மிடையே ஏராளம். தங்கைமார் படிக்கத் தம்பிமாரும் அண்ணன்மாரும் எதைக் கழற்றினர்?

நாம் செய்த பிழை

பிறர் வரலாற்றைப் பேசியபின் நம் பிழையொன்றையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தையற்கடை வைத்திருந்த அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார். மருத்துவம் படிக்க ஆசை. தகப்பனார் தயங்கினார். "ஹஜரத், இது மார்க்கத்தில் கடமையா?" என்று கேட்டார். "பர்ளு ஐன் இல்லை, பாய்" என்றோம் நாம். அவர் நெஞ்சில் பாரம் இறங்கியது போல ஸலாம் கூறிச் சென்றார். அவ்வாண்டே அப்பெண்ணுக்கு நிக்காஹ் நடந்தது. நாமே குத்பா ஓதினோம், நெய்ச்சோறும் உண்டோம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. நம் தங்கைக்குப் பிரசவம் கடினமாயிற்று. ஊரில் பெண் மருத்துவர் இல்லை. இரவோடிரவாக வாடகை வண்டியில் நாற்பது கிலோமீட்டர் சென்றோம். அல்லாஹ்வின் கிருபையால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் அவ்வண்டியில் முன்னிருக்கையில் நாம் அமர்ந்திருந்தபோது, மாணவர்க்குப் பலமுறை பாடம் நடத்திய இஹ்யாவின் அந்தப் பக்கம் நம் கண்முன் விரிந்தது. பின்னிருக்கையில் தங்கையின் கையை வழி நெடுகப் பற்றியிருந்தவர் அத்தையற்காரரின் மகளே. அண்டை வீட்டுப் பெண் என்ற உரிமையில் உடன் வந்திருந்தார். அவர் நம்மிடம் ஒரு சொல்லும் கூறவில்லை.

நாம் தந்த விடையில் சட்டப் பிழை இல்லை. அது பாதி விடை. "உங்கள் மகள்மீது தனிக்கடமை இல்லை, ஆனால் இவ்வூருக்கு ஒரு பெண் மருத்துவர் வேண்டும், அது நம் அனைவர்மீதும் கடமை, அதற்குத் தகுதியுடைய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கின்றது, செலவுக்கு ஜமாஅத்தை நாம் கேட்கின்றோம்" என்று கூறியிருக்கவேண்டும். மறுபாதியைக் கூறாது விட்ட பொறுப்பு இன்றும் நம் தோளில் இருக்கின்றது.

இன்றைய நிலை

2001ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு 2006இல் சச்சார் குழு அளித்த அறிக்கை ஒரு கணக்கை நம் முன் வைத்தது. இருபது வயதுக்கு மேற்பட்ட இந்திய மக்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். முஸ்லிம்களில் 4 பேருக்கும் குறைவு. இதன்பின் தமிழகத்தில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் உதவியும் வந்தன. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 ஆக இருக்கத் தமிழகத்தில் 47 ஆக இருந்தது. கதவு முன்னைவிட அகலத் திறந்திருக்கின்றது.

மறுபக்கமும் உண்டு. தமிழகத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் பெருகி, ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்ததையும் கண்டோம். வீட்டை அடகு வைத்துப் படித்த பிள்ளை, படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்கு வளைகுடாவுக்குச் சென்றதையும் கண்டோம். அப்பிள்ளைக்குப் பட்டம் பயன்படவில்லை. கையில் தொழிலும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கவோ, மின்கம்பி இணைக்கவோ ஓராண்டு முறையாகப் பயின்றிருப்பின் அவனுக்கும் குடும்பத்துக்கும் நலமாயிருந்திருக்கும்.

ஆதலின் திண்ணைக்கு வரும் தகப்பன்மாருக்கு இன்று நாம் கூறுவது இதுவே. கற்றல் எல்லார்மீதும் கடமை. கல்லூரி எல்லார்மீதும் கடமையன்று. பிள்ளையின் நாட்டம் தச்சிலோ வாணிபத்திலோ உழவிலோ இருப்பின் அதனை முறையாகக் கற்பியுங்கள், அதற்காக நாணவேண்டாம். ஆனால் "கடமையன்று" என்னும் சொல்லை, படிக்க விரும்பும் பிள்ளையின் காலைக் கட்டும் கயிறாக்கிவிடாதீர்கள். விசா வந்துவிட்டது என்பதற்காக அறிவுள்ள மகனை நிறுத்துவதும், பெண் என்பதற்காக மகளை நிறுத்துவதும், ஊருக்குச் சேரவேண்டிய கடனை வீட்டுக்குள் பூட்டி வைப்பதாகும்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் எத்தனை வீடுகள், எவ்வளவு சந்தா என்னும் பதிவேடு எல்லாப் பள்ளிவாசலிலும் உண்டு. அதே பதிவேட்டில் இன்னும் இரண்டு பக்கங்கள் சேர்ப்போம். இவ்வூருக்கு எத்தனை மருத்துவர், செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர், மின்பணியாளர், தச்சர் தேவை, எத்தனை பேர் இருக்கின்றனர் என்பது ஒரு பக்கம். இவ்வாண்டு பள்ளியிறுதி தேறிய பிள்ளைகள் யாவர், அவருள் பொருளின்மையால் நிற்பவர் யாவர் என்பது மறுபக்கம். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பைத்துல்மாலின் பணம் எங்கே செல்லவேண்டும் என்பது தானே விளங்கும்.

தூஸ் நகரத்தில் ஓர் ஏழைத் தகப்பனின் பணம் தீர்ந்துபோயிற்று. ஆனால் அவ்வூரில் சோறிட்ட மதரஸா ஒன்று இருந்தது. அதனால் உலகுக்கு ஓர் இமாம் கிடைத்தார். நம் ஊரில் அடுத்த ஆண்டு பணம் தீர்ந்துபோகும் தகப்பன் யார் என்பதை நாம் அறிய மாட்டோம். அவர் வந்து திண்ணையில் அமரும்போது நம்மிடம் முழு விடையும், ஊரிடம் உதவிப் பணமும் ஆயத்தமாயிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக!